காண்டிடா ஆரிஸ் ஜீனோமைத் திரையில் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

தென்னாப்பிரிக்காவில் 2016, 2017இல் நடந்த நாடளாவிய கண்காணிப்பில், ரத்தத்தில் காண்டிடா தொற்று கண்டவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு காண்டிடா ஆரிஸ்தான் காரணம். ஜொஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம்தான் அதிகம். அதனால் இங்கே நுண்ணுயிரியல் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கையில் இந்தப் பூஞ்சை எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது. அடுத்த வேலை, அதன் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ எழுத்துவரிசையைத் திரையில் காட்டும் ஜீனோம் பார்வைக் கருவியைத் திறப்பது.

ஜேபிரவுஸ் போன்ற கருவிகள் ரொம்பச் சுலபம். இழுத்தால் நகரும், பெருக்கினால் எழுத்து எழுத்தாகத் தெரியும். கை பழகிவிட்ட தைரியத்தில், திறந்திருப்பது எந்த ஸ்ட்ரெயினுடைய (பூஞ்சையின் தனி வகையுடைய) வரைபடம் என்று பார்க்க மறந்துவிடுகிறோம். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும் மேற்கோள் ஜீனோம், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் வரைபடம், பி8441 என்ற ஸ்ட்ரெயினுடையது. அது பாகிஸ்தானில் எடுத்தது, கிளேடு (பரம்பரைக் கிளை) 1. தென்னாப்பிரிக்க மாதிரிகளில் அதிகம் காண்பது கிளேடு 3. அதற்கு பி11221 என்ற இந்நாட்டு ஸ்ட்ரெயினின் ஜீனோம் தனியாக இருக்கிறது. கிளேடுகளுக்கு நடுவே குரோமோசோம் துண்டுகளே இடம் மாறியிருப்பதால், ஒன்றில் குறித்துவைத்த இட எண்ணை மற்றதில் போட்டால் வேறெங்கோ போய் நிற்போம். மரபணுப் பெயரின் முன்பகுதியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: பி9ஜே08 என்று தொடங்கினால் பி8441, சிஜேஐ97 என்று தொடங்கினால் பி11221.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காதுத் தொற்றுகளில் அதிகம் கிடைக்கும் கிளேடு 2இல், குரோமோசோம் நுனிகளை ஒட்டி இருக்க வேண்டிய சில ஒட்டுப்புரத மரபணுக்கள் இல்லை. அந்த வரைபடத்தில் மட்டும் தேடிவிட்டு ‘காண்டிடா ஆரிஸில் இந்த மரபணு கிடையாது’ என்று ஆய்வேட்டில் எழுதினால், தேர்வாளர் சும்மா விடமாட்டார்.

சரி, பெயர் தேடலுக்கு வருவோம். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து குறிவைக்கும் ஈஆர்ஜி11 போலப் பிரபலமான மரபணு, பெயரைத் தட்டினாலே வந்துவிடும். ஆனால் இந்தப் பூஞ்சையின் பல மரபணுக்களுக்குச் செல்லப்பெயர் எதுவும் வைக்கப்படவில்லை, வரிசை எண் மட்டும்தான். தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் மரபணு இல்லை என்று முடிவு கட்டாமல், நன்கு ஆராயப்பட்ட உறவுப் பூஞ்சையான காண்டிடா அல்பிகான்ஸில் அதற்கு இணையான மரபணுவைப் பிடித்து அதன் வழியாக வர வேண்டும். இல்லாவிட்டால் புரத வரிசையைக் கொடுத்து, வரிசைகளை ஒப்பிடும் கருவியான பிளாஸ்டில் தேட வேண்டும். பூஞ்சைக்கே 2024இல் காண்டிடோசைமா ஆரிஸ் என்று புதுப்பெயர் வந்துவிட்டதால் இரண்டு பெயரிலும் தேடுவது நல்லது.

ரொட்டி ஈஸ்ட்டில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. அங்கே ஈஆர்ஜி11இன் முறைப்பெயர் ஒய்எச்ஆர்007சி: ஒய் ஈஸ்ட், எச் எட்டாவது குரோமோசோம், ஆர் வலது கை, கடைசி சி டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எது என்பதற்கு. பெயரிலேயே முகவரி இருக்கிறது. பி9ஜே08 எண்களில் இந்த வசதி கிடையாது. இழையைத் திரையில் அம்புக்குறி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்பு இடப்பக்கம் பார்த்தால், திரையில் தெரியும் வரிசையைத் தலைகீழாக்கி இணை எழுத்துகளாக மாற்றிய பிறகே அது மரபணு.

எனக்குத் தெரிந்து மிக மோசமாக ஏமாற்றுவது சிடிஜி. பெரும்பாலான உயிர்களில் டிஎன்ஏவின் இந்த மூன்றெழுத்து லூசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். காண்டிடா ஆரிஸிலும் அதன் உறவுக்காரப் பூஞ்சைகளிலும் செரினைக் குறிக்கும். டிஎன்ஏ வரிசையைப் புரதமாக மாற்றும்போது மொழிபெயர்ப்பு அட்டவணை 1 அல்ல, 12ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, புரதமும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். தளத்தில் இறக்கிய புரதத்தோடு நீங்கள் மொழிபெயர்த்ததை ஒப்பிடும்போதுதான் சிடிஜி வரும் இடமெல்லாம் செரின் போய் லூசின் வந்தது போலத் தெரியும். ஃப்ளூகோனசோல் எதிர்ப்போடு சேர்த்துப் பேசப்படும் எஃப்126எல் மாற்றம் (ஈஆர்ஜி11 புரதத்தின் 126ஆவது இடத்தில் ஃபீனைலலனின் போய் லூசின் வருவது) கிளேடு 3க்கு உரியது. அதிலும் கடைசி எழுத்து லூசின்தான். அந்த எல்லுக்கு நடுவே பொய் எல்களும் வந்து உட்கார்ந்தால் எதை நம்புவது?

இட எண்களைக் கோப்பாக இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜிஎஃப்எஃப் கோப்பு 1இலிருந்து எண்ணும், பெட் கோப்பு 0விலிருந்து. ஒரே மரபணுவின் தொடக்கம் இரண்டிலும் ஒன்று வித்தியாசப்படும். அந்த ஓர் எழுத்து நகர்ந்தால் மூன்றெழுத்து வாசிப்பே மாறிவிடும்.

20 எழுத்து பிரைமரை (பிசிஆருக்கான குட்டி டிஎன்ஏ துண்டை) பிளாஸ்டில் போட்டுவிட்டு ‘பொருந்தவில்லை’ என்பவர்கள் அமைப்பைப் பார்ப்பதில்லை. பிளாஸ்டின் ஒரு வகையான மெகாபிளாஸ்ட் வழக்கமாக 28 எழுத்து தொடர்ந்து பொருந்தினால்தான் தேடலையே தொடங்கும். 20இல் 28 எப்படிக் கிடைக்கும்? குறுந்தொடருக்கான அமைப்புக்கு மாற்ற வேண்டும்.

அப்புறம், சொந்த வரிசைத் தரவை பாம் கோப்பாக (மேற்கோள் ஜீனோமில் பொருத்திய வரிசைத் துண்டுகளின் கோப்பு) ஏற்றியதும் திரையில் அதற்கான ட்ராக் காலியாகத் தெரிந்தால் சீக்வென்சிங் மையத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். பல நேரம் உங்கள் கோப்பில் குரோமோசோமுக்கு ஒரு பெயர், கருவியில் வேறு பெயர், அவ்வளவுதான் விஷயம். மேற்கோள் வரைபடத்தை மட்டும் பார்த்து ‘இந்த மரபணு ஒரே பிரதிதான்’ என்று சொல்வதும் செல்லாது. உங்கள் ஸ்ட்ரெயினில் ஈஆர்ஜி11 இரட்டித்திருந்தால், அதே பாம் கோப்பின் ஆழம், அதாவது ஓரிடத்தில் எத்தனை துண்டுகள் வந்து குவிகின்றன என்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

அசெம்பிளியின் (துண்டுகளைக் கோத்து உருவாக்கிய ஜீனோமின்) பதிப்பு, ஸ்ட்ரெயின் பெயர், பார்த்த தேதி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதிவையுங்கள். பதிப்பு மாறினால் மரபணு எண்களும் மாறலாம். லோட் ஷெடிங்கில் பாதி வேலையைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்கு, உடனுக்குடன் சேமிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.