டெவலப்பர் குரூப்பில் புலம்புவது எப்படி?

எங்க டெலிகிராம் குரூப்ல பாதிப் பேர் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்னு வட சென்னைப் பக்கம் வளர்ந்தவங்க. வேலை மட்டும் ஓ.எம்.ஆர்., அம்பத்தூர், பெங்களூருன்னு சிதறிக் கிடக்கு. நான் பேக்எண்ட், அதாவது சர்வர் பக்கத்து ப்ரோக்ராம், எழுதறவ. வயசுல மூத்தவங்கறதால குரூப்ல எனக்கு அக்கா பட்டம். காலேஜ் முடிச்சுட்டுப் புதுசா சேர்ற பசங்களும் பொண்ணுங்களும் முதல்ல வாயே திறக்க மாட்டாங்க. அப்புறம் பார்த்தா 'செம பேஜாருக்கா', 'முடியல'ன்னு ஒரு வரி போட்டுட்டுக் காணாமப் போயிடுவாங்க. அதுக்கு நாங்க என்னத்தைச் சொல்றது? ஒரு அழுவாச்சி பொம்மை போடுவோம், அவ்ளோதான். புலம்பல்ல சரக்கு இருக்கணும். இருந்தா நாலு பேர் சிரிப்பாங்க, அஞ்சாவது ஆள் வழி சொல்லுவார்.

முதல்ல இடத்தைப் பாருங்க. ஆபீஸ் சாட் நம்ம வீட்டுத் திண்ணை கிடையாது. கம்பெனி கணக்குல ஓடுற ஸ்லாக்கோ டீம்ஸோ, வேணும்னா நிர்வாகம் எடுத்துப் படிக்கலாம். மேனேஜரைப் பத்திப் பொருமணும்னா வெளில வாங்க. வரும்போது கம்பெனியையும் கூடவே இழுத்துட்டு வராதீங்க. ஸ்க்ரீன்ஷாட் போடறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் பார்க்கணும்: டேப்ல க்ளையண்ட் பேர், முகவரிப் பட்டைல சர்வர் ஐ.பி., ஓரத்துல டிக்கெட் நம்பர், டெர்மினல்ல டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியச் சாவி). டோக்கன் வெளில போயிடுச்சுன்னா மெசேஜை அழிச்சாப் போதாது. யாரோ பார்த்தாச்சுன்னே வச்சுக்கிட்டு அதை ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுத்தாகணும். கிட்ல (கோடோட ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிச்சு வைக்கற டூல்) கமிட் ஆனாலும், அதாவது பதிவானாலும், இதே கதைதான். அடுத்த கமிட்ல தூக்கினாலும் ஹிஸ்டரில அது குத்தவச்சு உக்காந்திருக்கும்.

அடுத்து, எப்படி எழுதறது. 'ஜாப் சொதப்புது, மேனேஜர் உயிரை எடுக்கறார்'னு போட்டா எல்லாரும் 'ஆமாப்பா'ம்பாங்க. அதையே 'ராத்திரி 12 மணிக்கு வச்ச க்ரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) காலைல அஞ்சரைக்குத்தான் ஓடுது, ரிப்போர்ட் லேட்டு, திட்டு எனக்கு'ன்னு எழுதிப் பாருங்க. அஞ்சரைங்கற ஒரு வார்த்தை போதும். 'சர்வர் யூ.டி.சி.ல கீது நைனா'ன்னு வியாசர்பாடில இருந்து பதில் வந்துடும். நம்ம கடிகாரம் யூ.டி.சி.ங்கற உலகப் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிஷம் முன்னாடி ஓடுது. சர்வருக்கு நள்ளிரவுன்னா இங்க பால் பாக்கெட் வந்து வாசல்ல கிடக்கும்.

என்ன நடக்கணும்னு எதிர்பார்த்தீங்க, என்ன நடந்துச்சு, கடைசியா எதைத் தொட்டீங்க, எரர் என்ன சொல்லுது. இவ்ளோதான் வேணும். எரரை எழுத்தா ஒட்டுங்க. மானிட்டரை மொபைல்ல படம் பிடிச்சு, கோடு கோடா ஆடுற போட்டோவை அனுப்பினா அதைத் தேடவும் முடியாது, காப்பி பண்ணவும் முடியாது. எரரோட வர்ற நூறு வரி ஸ்டாக் ட்ரேஸை (எந்த வழியா வந்து விழுந்துச்சுங்கற பட்டியல்) பார்த்துப் பயந்துடாதீங்க. பைத்தான்னா கடைசி வரிலதான் விஷயம் இருக்கும். ஜாவான்னா 'காஸ்ட் பை' (Caused by)ன்னு வர்றதுலேயே கடைசியா வர்றதைப் படிங்க. மேல இருக்கறதெல்லாம் பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க்கோட ஊர்வலம். இதையெல்லாம் ஒழுங்கா எழுதி முடிக்கறதுக்குள்ள பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிஞ்சுடும். அப்பவும் அனுப்பாம விட்டுடாதீங்க. கலாய்க்க எங்களுக்கும் ஏதாவது வேணாமா?

ஒண்ணு, தயவு செஞ்சு, 'ஹாய் அக்கா'ன்னு போட்டுட்டு நான் 'சொல்லும்மா'ங்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. நான் மீட்டிங்ல இருப்பேன். வெளில வந்து 'சொல்லும்மா'ன்னு போடறப்ப நீங்க மீட்டிங்ல இருப்பீங்க. ஹாயும் கேள்வியும் ஒரே மெசேஜ்ல வரட்டும்.

திட்டறதுன்னா ப்ரோக்ராம் கோடைத் திட்டுங்க, ஆளை வேணாம். 'எந்த வெண்ணை இதை எழுதினது'ன்னு கொதிச்சுக்கிட்டு கிட் பிளேம் (எந்த வரியை யார் மாத்தினதுன்னு காட்டற கமாண்ட்) போடுவீங்க. அதுல வர்ற பேர் அந்த வரியைக் கடைசியா தொட்டவரோடது மட்டும்தான். பாவம், இண்டெண்டேஷனை, அதாவது வரி முன்னாடி விடற இடைவெளியை, திருத்தி வச்ச புண்ணியவான் தலைல பழி விழும். கூட ஒரு மைனஸ் டபிள்யூ (-w) சேர்த்துப் போட்டா வெறும் ஸ்பேஸ் மாற்றத்தை எல்லாம் ஒதுக்கிடும். அதுக்கப்புறமும் பேர் தெரிஞ்சா மனசுலயே வச்சுக்கோங்க. அதே ஆள் அடுத்த வருஷம் வேற கம்பெனில உங்களை இன்டர்வியூ எடுப்பார்.

இப்ப கலாய்க்கிறது. டூல், பெரிய கம்பெனி, 'ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்'னு நீங்க குடுத்த எஸ்டிமேட், போன வருஷம் நீங்களே எழுதின கோடு, இதையெல்லாம் எவ்ளோ வேணாலும் ஓட்டலாம். ஒருத்தரோட இங்கிலீஷு, படிச்ச காலேஜு, வேலைக்குச் சேர்ந்து முதல் மாசம் கேக்கற கேள்வி, இதைத் தொடக் கூடாது. ஊரும் அந்த லிஸ்ட்லதான் வருது. இது நமக்கு அடிக்கடி நடக்கறதால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

புது டீம்ல சேர்ந்து வீடு தண்டையார்பேட்டைன்னு சொன்னதும், 'ஐயோ, கத்தி கித்தி வச்சிருக்கீங்களா?'ன்னு ஒருத்தர் சாட்ல சிரிப்பார். சினிமா பார்த்து ஊரைத் தெரிஞ்சுக்கிட்டவர். முதல் தடவை கோவப்படாதீங்க. 'கத்தி இல்லீங்க, ஸ்ட்ரைக்கர்தான் இருக்கு. ஒரு போர்டு போடலாமா?'ன்னு கேளுங்க. வியாசர்பாடி இளவழகி 2008ல கேரம் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டறவர் மக, 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. இந்த ரெண்டு பேரையும் சொல்லுங்க. பெரும்பாலும் அதோட அடங்கிடும். மறுபடியும் அதே ஜோக் வந்தா பொம்மை எதுவும் போடாம 'எனக்கு இது சிரிப்பா இல்ல'ன்னு ஒரே வரி. விளக்கம் குடுக்கத் தேவையில்ல. மூணாவது தடவைக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அது எச்.ஆர். சமாச்சாரம்.

யாராவது ப்ரொடக்‌ஷனைக் கவுத்துட்டு, அதாவது ஜனங்க நிஜமாப் பயன்படுத்துற சிஸ்டத்தையே முடக்கிட்டு, வந்து நின்னா வரிசை முக்கியம். முதல் கேள்வி 'ரோல்பேக் பண்ணியாச்சா?' (பழைய வெர்ஷனுக்கே திரும்பியாச்சா?) ரெண்டாவது, 'உங்க லீடுக்குச் சொல்லியாச்சா?' இந்த ரெண்டுக்கும் ஆமான்னு வர்ற வரைக்கும் மீம் கீம் எதுவும் கூடாது. அதுக்கப்புறம் ஆறுதல். 'பரவால்ல விடு'ங்கறதை விட உண்மைக் கதை நல்லா வேலை செய்யும். 2017 ஜனவரி 31ல, கோடு சேமிக்கற தளமான கிட்லேப்போட இன்ஜினியர் ஒருத்தர் தப்பான சர்வர்ல உக்காந்து மெயின் டேட்டாபேஸையே அழிச்சார். பேக்கப் பல விதமா வச்சிருந்தாங்க, எடுத்துப் பார்த்தா எதுவும் உருப்படியா இல்ல. கடைசில ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி தற்செயலா எடுத்து வச்ச ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு, அப்பவும் சுமார் ஆறு மணி நேர டேட்டா போச்சு. ஆனா சரி பண்றதை யூட்யூப்ல நேரலையாவே காட்டினாங்க. 2024 ஜூலை 19ஐயும் சொல்லலாம். பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி க்ரவுட்ஸ்ட்ரைக்கோட ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷினைப் படுக்க வச்சுது. அன்னிக்கு வெள்ளிக்கிழமை! எங்க குரூப்ல யார் வெள்ளிக்கிழமை புது வெர்ஷனை டெப்ளாய் பண்ணி லைவ் ஆக்கப் போறேன்னாலும் அந்தத் தேதியை மட்டும் பதிலாப் போடுவோம்.

கோவமா இருக்கறப்ப எழுதுங்க, அனுப்பறதைத் தள்ளிப் போடுங்க. 2021 பிப்ரவரில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல நமக்கு இதுக்கு வசதி. தண்டையார்பேட்டைல ஏறி டைப் பண்ணினதைக் கிண்டில இறங்கறப்ப ஒரு தடவை படிச்சுட்டு அனுப்புங்க. பாதி வரி தானா கொட்டிப் போயிருக்கும்.

சரக்கு கிடைக்காத நாள்ல தீராத புலம்பல் ரெண்டு இருக்கு, எப்ப வேணா எடுக்கலாம். ஒண்ணு, 'லாஸ்ட் நேம் கட்டாயம்'ங்கற ஃபார்ம். நமக்கு இருக்கறது ஒரு இனிஷியல். அதைப் போட்டா 'குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்'னு சிவப்புல திட்டும். அப்பா பேரைப் போட்டா ஆபீஸ் முழுக்க நம்மளை அப்பா பேர்ல கூப்பிடும். நீங்க ஃபார்ம் எழுதறவங்கன்னா பேருக்கு ஒரே பெட்டி வைங்க, புண்ணியமாப் போகும். இன்னொண்ணு, பைத்தான்ல 'தமிழ்'னு குடுத்து நீளம் கேட்டா 5ங்கும். நாம படிக்கறது மூணு எழுத்து. யூனிகோட் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுது. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வச்ச பெட்டில தமிழ் பாதிலயே வெட்டுப்படறது இப்படித்தான். கிராஃபீம் கணக்குல, அதாவது நாம படிக்கற எழுத்துக் கணக்குல, எண்ணுற லைப்ரரி இருக்கு, அதைப் போடுங்க.

பிரச்சினை தீர்ந்ததும் 'சரியாயிடுச்சுக்கா, தேங்க்ஸ்'னு மட்டும் போட்டுட்டு ஓடினா எனக்குக் கெட்ட கோவம் வரும். அடுத்த மாசம் அதே எரரோட இன்னொரு பொண்ணு குரூப்ல தேடும், உங்க தேங்க்ஸ்தான் கிடைக்கும். எது சரி பண்ணுச்சுன்னு எழுதுங்க: 'டிஸ்க் நிரம்பி டாக்கர் பில்டு நின்னுது. சிஸ்டம் ப்ரூன் (வேண்டாததைக் கழிக்கற கமாண்ட்) போட்டதும் இடம் கிடைச்சுது. வால்யூமையும் (டேட்டா இருக்கற இடம்) சேர்த்து அள்ளச் சொன்னா லோக்கல் டேட்டாபேஸும் போகலாம், பார்த்துப் போடுங்க.' இப்படிப் போட்டவங்களை அன்னிக்கு யாரும் கலாய்க்கக் கூடாதுன்னு குரூப்ல சட்டமே இருக்கு.