அடைப்பானைக் கழற்றிய பிறகுதான் காது அடங்கியது

எவர்சில்வர் கரண்டி தட்டில் பட்டால் காதுக்குள் ஊசி குத்தும். மிக்சி, குக்கர் விசிலும் அப்படியே. ஒருவழியாகச் சரியாகிவிட்டது, நிம்மதி.

காதுக் குரும்பி எடுத்தாயிற்று, பலனில்லை. ஆடியோகிராம் என்ற கேட்புத்திறன் சோதனை முழு நார்மல். கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலியைத்தான் அது அளக்கும். எந்த அளவில் தாங்க முடியாமல் போகிறது என்பதை அல்ல. அதற்கு எல்.டி.எல். (loudness discomfort level) சோதனையைக் கேட்டு எடுக்க வேண்டும். பலர் 100 டெசிபல் வரை தாங்கும் இடத்தில் நான் 70-லேயே கையைத் தூக்கினேன். ஹைப்பர்அக்யூசிஸ், அதாவது சாதாரண ஒலியே தாங்க முடியாத நிலை, என்றார்கள். மெல்லும் சத்தம், மூக்குறிஞ்சல் போன்ற குறிப்பிட்ட ஒலிக்கு மட்டும் ஆத்திரம் வந்தால் அது மிசோபோனியா. அதற்கு வழி வேறு.

நாள் முழுக்கக் காதில் நுரை அடைப்பான் வைத்தால் ஹைப்பர்அக்யூசிஸ் இன்னும் மோசமாகும். வெளியே ஒலி குறைந்தால் மூளை உள்ளே வால்யூமைக் கூட்டிவிடும். பாட்டே ஓடாமல் நாய்ஸ் கேன்சலிங் மட்டும் ஆன் செய்த ஹெட்போனும் அடைப்பான்தான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பலித்தது இதுதான்: ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) மேற்பார்வையில் வீட்டுக்குள் அடைப்பானைப் படிப்படியாகக் குறைத்து, பகலெல்லாம் சின்ன ஸ்பீக்கரில் மெலிதாக பிங்க் நாய்ஸ், அதாவது மழை இரைச்சல் போன்ற சீரான ஒலி. பக்கத்தில் பேசுவது அதை மீறித் தெளிவாகக் கேட்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் வலி திரும்பும். மாதக்கணக்கில் ஆகும். டிரில்லிங், பட்டாசு பக்கம் போனால் மட்டும் அடைப்பான் கட்டாயம்.

ஒரு காதில் மட்டும் திடீரென வந்து முகமும் கோணினால் அன்றே மருத்துவரிடம் போங்கள், அது முக நரம்புக் கோளாறாக இருக்கலாம்.