வயிற்றுக்கு மருந்து மட்டும் போதவில்லை

பாம்பனுக்குத் தெற்கே படகு கவிழ்ந்து சித்தப்பா இறந்த பிறகுதான் எனக்கு வயிறு கெட்டது. காற்று பலமாக வீசினாலே வயிறு முறுக்கும், உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். அதோடு மீன் கம்பெனியில் கணக்கு வேலை. விடியுமுன் ஏலம், ராத்திரி வரைக்கும் பில். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தாலும் களைப்பு போகவில்லை.

ராமநாதபுரத்து டாக்டர் ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) என்றார். குடலில் புண் கிடையாது, ஆனால் வலி நிஜம். மூளையும் குடலும், இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன. மனநிலையையும் குடல் அசைவையும் பாதிக்கும் செரோடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறதாம். பயம் உள்ளே தங்கிவிட்டால் குடலின் அசைவு மாறும், சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். இதைக் கேட்டதே எனக்குப் பாதி ஆறுதல்.

மாத்திரை கொஞ்சம் உதவியது. குழம்பில் வெங்காயம், பூண்டைக் குறைத்ததும் உப்புசம் நன்றாகவே தணிந்தது. ஆனால் பெரிய மாற்றம் பேசியதில்தான் வந்தது. 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொன்னபடி மனநல ஆலோசகரிடம் போனேன். சித்தப்பாவைப் பற்றி அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். அப்புறம் முதலாளியிடம் கேட்டு ஏல வேலையை விட்டேன். சாப்பிடும் முன் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறேன். இப்போது காற்றடித்தாலும் சாப்பிட முடிகிறது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.