முள்ளை எண்ணும் முன் வாசலைத் தேடுங்கள்: ஒரு நுண்புதைபடிவத்தை இனம் காணும் முறை

ஊமத்தங்காயைச் சுருக்கிச் சுருக்கி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்காக்கினால் எப்படி இருக்கும்? கடலடிப் படிவிலிருந்து தயாரித்த ஸ்லைடை முதன்முதலாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். எங்கு பார்த்தாலும் முள் உருண்டைகள். நான் படித்த காலத்தில் முதல் வாரம் முழுக்க முட்களை எண்ணி, அளந்து, வரைந்து தள்ளினேன். ஆசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதற்கு வாசல் எங்கே?" அந்தக் கேள்வியை மையமாக வைத்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் இனம் லிங்குலோடினியம் மச்சேரோஃபோரம் என்ற டைனோஃபிளாஜெல்லேட். பேலியோசீன் காலத்தின் பிற்பகுதியிலிருந்து, அதாவது ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, படிவுகளில் கிடைக்கிறது. இன்றும் உயிரோடு இருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இனம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன்: சிஸ்ட் என்றால் என்ன?

டைனோஃபிளாஜெல்லேட் ஒரு செல் உயிரி. இரண்டு கசையிழைகள் உண்டு. ஒன்று அரைஞாண் கட்டும் இடம் போன்ற நடுப்பள்ளத்தைச் சுற்றி ஓடும். மற்றொன்று பின்னால் நீளும். பல இனங்களில் செல்லின் மேல் செல்லுலோஸ் தகடுகளாலான கவசம் இருக்கும். உயிரி செத்ததும் அந்தக் கவசம் சிதைந்துவிடும், புதைபடிவமாகத் தங்காது. சில இனங்கள் மட்டும் பாலினக் கலப்புக்குப் பின் கெட்டியான உறைக்குள் உறங்கப் போகின்றன. அந்த உறைதான் சிஸ்ட், ஸ்லைடில் நாம் பார்க்கும் முள் உருண்டை. அதன் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளால் ஆனது, அமிலத்துக்கும் அசையாது. உறக்கம் கலைந்ததும் உயிரி சுவரில் ஒரு கதவைத் திறந்து வெளியேறிவிடும். கல்லில் நமக்குக் கிடைப்பது ஆள் போன பிறகு விட்டுச்சென்ற காலி வீடு.

முதல் படி: ஸ்லைடு

பாறையின் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலமும், சிலிக்காவை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கரைக்கும். எஞ்சும் கரிமத் துகள்களை நுண்சல்லடையில் சலித்து, கிளிசரின் ஜெல்லியில் பதிக்கிறார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோல் வழியே உள்ளே இறங்கி உயிரையே பறிக்கக்கூடியது. முறையான ஆய்வகமும் பயிற்சியும் இல்லாமல் தொடவே கூடாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் தயாரான ஸ்லைடை இரவல் வாங்கிப் பழகுங்கள், அதுவே போதும்.

இரண்டாம் படி: உடலை அளப்பது

400 மடங்கு உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். முட்களைச் சேர்க்காமல் நடு உருண்டையின் விட்டத்தை மட்டும் அளக்கவும். இந்த இனத்தில் அது சுமார் 30 முதல் 55 மைக்ரோமீட்டர். உருண்டை வடிவம்தான், சில சற்று நசுங்கி நீள்வட்டமாக இருக்கும். சுவர் வெளிர் நிறம். மேற்பரப்பில் நுண்மணல் தூவியது போன்ற பொடிப்பு. அடர்பழுப்பு நிறம் தெரிந்தால் வேறு குடும்பமாக இருக்கலாம் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: வாசல்

இங்கே அவசரப்படாதீர்கள். நுண்ணோக்கியின் நுண்குவியத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிஸ்டின் மேற்பரப்பிலிருந்து அடிப்பரப்பு வரை குவியத்தை இறக்குங்கள். ஏதோ ஒரு மட்டத்தில் சுவர் இல்லாத இடம் தெரியும். அதன் விளிம்பைக் கவனியுங்கள். கிழிசலாக இருந்தால் விளிம்பு கன்னாபின்னாவென்று போகும். வாசலாக இருந்தால் நேர்கோடுகளும் கோணங்களுமாக, வெட்டி எடுத்தது போல் இருக்கும். உயிரியின் கவசத் தகடு எந்த வடிவமோ, கதவும் அதே வடிவத்தில் பெயர்வதுதான் காரணம். இதற்கு ஆர்கியோபைல் என்று பெயர். கிரேக்கத்தில் பழைய வாயில் என்று பொருள்.

லிங்குலோடினியத்தில் நடுப்பள்ளத்துக்கு நேர் மேலே உள்ள தகடு வரிசையில் வாசல் திறக்கும். சில சிஸ்ட்களில் ஒரே ஒரு தகடு பெயர்ந்திருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று. ஐந்து வரைகூடப் போகும். தகடுகள் தனித்தனியாகக் கழன்றுவிடுவதால் விளிம்பு படிக்கட்டு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒரே இனத்தில் வாசல் இப்படிப் பெரிதும் சிறிதுமாக இருப்பதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். அந்த மாறுதலே இதன் அடையாளம்.

வாசலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 1830களில் ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல் சில்லுகளில் இந்த முள் உருண்டைகளைக் கண்டு, நன்னீர்ப் பாசி வகை ஒன்றோடு சேர்த்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் முள்ளம்பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து ஹிஸ்ட்ரிகோஸ்பியர் என்று அழைத்தார்கள். அவை என்ன உயிரி என்பது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தீராத வழக்கு. 1961இல் அமெரிக்கரான வில்லியம் எவிட் வாசல்களையும், முட்கள் நிற்கும் ஒழுங்கையும் வைத்து, இவற்றில் பல டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்கள்தான் என்று நிறுவினார். அப்படி நிறுவ முடியாத மிச்சத்துக்கு அக்ரிடார்க் என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட இனத்தில் முட்கள் தகடுகளைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. வாசல் ஒன்றுதான் சாட்சி.

நான்காம் படி: முட்கள்

இப்போது எண்ணெய் லென்ஸுக்கு, அதாவது 1000 மடங்குக்கு மாறுங்கள். முட்கள் உள்ளீடற்றவை. அடி அகன்று, நுனி கூர்ந்து மூடியிருக்கும். நுனிக்கு அருகே பொடிப்பொடியான சிறு முட்கள் ஒட்டியிருப்பதும் உண்டு. மச்சேரோஃபோரம் என்றால் கத்தி ஏந்தியது என்று பொருள். ஒரு தடவை பார்த்தால் பெயர் மறக்காது.

கண்ணுக்குத் தெரியும் மிக நீளமான மூன்று முட்களை அளந்து சராசரி எடுங்கள். 2009இல் மெர்ட்டன்ஸும் உடன் ஆய்வாளர்களும் உலகின் பல கடல்களின் மேற்படிவுகளில் இப்படி அளந்து, உப்பு குறைந்த நீரில் முள் குட்டையாகிறது என்று காட்டினார்கள். கருங்கடலின் மேல்நீரில் உப்பு சாதாரணக் கடலில் பாதிதான். அங்கே குட்டை முள் சிஸ்ட்கள் சகஜம். ஆகவே முள் குட்டை என்ற ஒரே காரணத்துக்காகப் புது இனம் என்று எழுதிவிட வேண்டாம். பழைய கடலின் உப்பை ஊகிக்க இந்த அளவு உதவும் என்பதே எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம்.

ஐந்தாம் படி: ஒத்த உருவங்கள்

ஓபர்குலோடினியம் சென்ட்ரோகார்ப்பம்: வாசல் எப்போதும் ஒரே தகடுதான், முள் நுனி சின்னக் குமிழ் போல் முடியும். ஸ்பினிஃபெரைட்டிஸ் ராமோசஸ்: முட்கள் தகடுகள் சந்திக்கும் மூலைகளில் நிற்கும், நுனி கவட்டையாகப் பிரியும். பாலிஸ்ஃபெரிடியம் சோஹாரியி: மேற்பாதியே மூடி போலப் பெயர்ந்துவிடும், முள் நுனி மழுங்கல். எவ்வளவு தேடியும் வாசலே இல்லை என்றால் அக்ரிடார்க்காக இருக்கலாம், அல்லது இன்னும் திறக்காத சிஸ்ட்டாக இருக்கலாம். அதே ஸ்லைடில் அதே போன்ற இன்னும் பத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: வகைப்பாடும் பெயரும்

ஏணி இப்படிப் போகும்: டைனோஃபிளாஜெல்லேட் பெரும்பிரிவு, டைனோஃபைசியே வகுப்பு, கோனியாலகேல்ஸ் வரிசை, கோனியாலகேசியே குடும்பம், லிங்குலோடினியம் பேரினம்.

பெயரை முழுதாக எழுதினால்: லிங்குலோடினியம் மச்சேரோஃபோரம் (டெஃப்லாண்டர், குக்சன் 1955) வால் 1967. அடைப்புக்குறிக்கு அர்த்தம் உண்டு. பிரான்சின் டெஃப்லாண்டரும் ஆஸ்திரேலியாவின் இசபெல் குக்சனும் ஆஸ்திரேலியப் படிவுகளை ஆராய்ந்து 1955இல் இதை விவரித்தபோது ஹிஸ்ட்ரிகோஸ்பெரிடியம் என்ற பேரினத்தில் வைத்தார்கள். 1967இல் டேவிட் வால் கரீபியன் ஆழ்கடல் படிவுகளை ஆராய்ந்தபோது புதுப் பேரினம் அமைத்து அதற்கு மாற்றினார். முதலில் விவரித்தவர் அடைப்புக்குள், இடம் மாற்றியவர் வெளியே.

நீந்தும் உயிரிக்கு இன்னொரு பெயர்: லிங்குலோடினியம் பாலிஎட்ரா. ஸ்டைன் 1883இல் அதைக் கோனியாலக்ஸ் என்ற பேரினத்தில் விவரித்தார். டாட்ஜ் 1989இல் இங்கே கொண்டுவந்தார். 2020 வசந்தத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவின் அலைகளை இரவில் நீலமாக ஒளிரவைத்தது இதே உயிரிதான். தாவரப் பெயரிடல் விதிகள் புதைபடிவத்துக்கு ஒரு பெயரும் உயிரோடு இருப்பதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. நீங்கள் பார்ப்பது சிஸ்ட் என்றால் மச்சேரோஃபோரம் என்றே எழுதுங்கள்.

ஏழாம் படி: குறிப்பு

நோட்டில் இந்த வரிசையில் எழுதுங்கள்: வாசலில் பெயர்ந்த தகடுகள் எத்தனை, உடல் விட்டம், மூன்று முட்களின் சராசரி, நுனி வடிவம், சுவர். அப்புறம் ஸ்லைடு எண்ணும், அந்தச் சிஸ்ட் ஸ்லைடில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும். இதற்கென்றே கட்டம் பொறித்த இங்கிலாந்து ஃபைண்டர் என்ற கண்ணாடி வில்லை கிடைக்கும். அந்தக் கட்ட எண் இருந்தால், உங்கள் முடிவில் சந்தேகம் வருகிறவர் அதே சிஸ்டை மறுபடி கண்டுபிடித்து, தானே வாசலைப் பார்த்துக்கொள்வார்.