பைக்கில் கரண்டே இல்லையா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, செல்ஃப் அழுத்தினால் 'டிக்' சத்தம்கூட இல்லை. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பேட்டரி இறங்கியிருந்தால் பெரும்பாலும் விளக்கு மங்கலாகவாவது எரியும், ஹாரன் கம்மிப் போய் ஒலிக்கும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று ஒரேயடியாக அணைந்து கிடந்தால், எங்கோ இணைப்பு விட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் போல்ட்டை இறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இந்த வரிசையை மாற்றினால், பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் சட்டகத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

அப்புறம் மெயின் ப்யூஸ். பல வண்டிகளில் பேட்டரி பக்கத்திலேயே சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும், உள்ளே உபரியாக ஒன்றும் வைத்திருப்பார்கள். ப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். புதியதும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். அவசரத்துக்குக்கூட செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள், ஒயரிங் முழுக்க எரிந்துவிடும்.

இரண்டும் சரி, பேட்டரியில் வைத்த மல்டிமீட்டரும் 12.6 வோல்ட் அளவில் காட்டுகிறதா? சாவியை ஆனில் வைத்து ஹேண்டிலை இருபக்கமும் திருப்புங்கள். விளக்கு மின்னி மறைந்தால், ஹேண்டில் கழுத்தில் ஒயர் முறிந்திருக்கலாம், அல்லது சாவி சுவிட்சின் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) தளர்ந்திருக்கலாம்.