பிறர் செய்த சோப்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சோப்பு செய்து பழகிய ஒருவர் கடையில் கைவினைச் சோப்பு வாங்கும்போது, தன் சோப்பை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றவருடைய சோப்பைக் கையில் எடுக்கிறார். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. புதுச்சேரியில் ஆறு ஆண்டுகளாக வீட்டுச் சமையலறையில் சோப்பு செய்து வரும் நான், மிஷன் வீதியிலும் ஆரோவில் செல்லும் வழியில் உள்ள குயிலாப்பாளையத்திலும் வாங்கிய சோப்புகளைச் சோதித்தபோது செய்த பிழைகளையும், அவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நம் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஒருமுறை, கடையில் வாங்கிய, ஆலிவ் எண்ணெய் மிகுந்த சோப்பு ஒன்றையும் நான் செய்த சோப்பையும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள அக்கா வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன். என் சோப்பு நுரைத்தது; கடைச் சோப்பில் நுரை ஏறக்குறைய வரவேயில்லை. கையில் வழவழப்பும் பக்கெட் ஓரத்தில் வெண்மையான படிவும் மட்டுமே மிஞ்சின. தரமற்ற சோப்பு என்று முடிவு கட்டி அலமாரியில் போட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் மொட்டைமாடியிலிருந்து பிடித்து வைத்த தண்ணீரில் அதே கட்டியைத் தேய்த்தபோது, கிரீம் போன்ற நுரை கை நிறைய வந்தது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத உப்பாகத் திரிந்துவிடுகின்றன. அந்த உலோகங்கள் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். என் சோப்பில் 60 சதவீதம் தேங்காய் எண்ணெய் இருந்தது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்பதால், அது உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். அக்கா வீட்டில் என் சோப்பு மேலானதாகத் தோன்றியதற்கு எண்ணெய்த் தேர்வு மட்டுமே காரணம். செய்நேர்த்திக்கு அதில் பங்கில்லை. ஆகவே எந்தச் சோப்பையும் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறையும் மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ ஒருமுறையும் தேய்த்துப் பார்க்காமல் நுரையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

அடுத்தது வயது. குளிர்முறையில், அதாவது எண்ணெயையும் காஸ்டிக் சோடா என்ற காரத்தையும் அடுப்பில் காய்ச்சாமல் கலந்து செய்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரங்கள் உலர வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆலிவ் எண்ணெய் மட்டுமே கொண்ட சோப்பு பல மாதங்கள் கழித்தே நல்ல நிலைக்கு வருகிறது. அப்படியிருந்தும், மூன்று மாதம் உலர்ந்த நம் கட்டியை, சென்ற மாதம் செய்து உடனே உறையிடப்பட்ட கடைக் கட்டியோடு ஒப்பிட்டு, கடைச் சோப்பு விரைவில் கரைகிறது என்று சொல்லிவிடுகிறோம். உறையில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். புதியதாக இருந்தால் உறையைப் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதம் வைத்த பிறகு சோதியுங்கள். எடை குறைந்திருந்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். சோப்பு நீரை இழக்கும் பொருள் என்பதால், உறையிட்ட நேரத்து எடையைக் குறிப்பிடுவதற்கு எடையளவுச் சட்ட விதிகளே இடம் தருகின்றன. மழைக்காலத்தில் கட்டியின் மேல் துளித்துளியாக ஈரம் பூப்பதும் குற்றமன்று. சோப்பில் உள்ள கிளிசரின் கடற்காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் அது நேர்கிறது. அதை மிஞ்சிய எண்ணெய் என்றோ காரக் கசிவு என்றோ நினைத்து நல்ல சோப்பைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூலப்பொருள் பட்டியலைத் தவறாகப் படிப்பது, செய்யத் தெரிந்தவர்களிடமே அதிகம் காணப்படும் பிழை. பட்டியலில் காஸ்டிக் சோடா இல்லாவிட்டால் தயாரிப்பாளர் எதையோ மறைக்கிறார் என்று பொருளில்லை. சிலர் சேர்த்த பொருள்களை எழுதுவார்கள். சிலர் விளைந்த பொருள்களை எழுதுவார்கள். சோடியம் கோகோயேட் என்றால் தேங்காய் எண்ணெயும் காரமும் வினைபுரிந்து உண்டான சோப்பு. சோடியம் ஆலிவேட் ஆலிவ் எண்ணெயிலிருந்து வந்தது. பெயரில் நெருங்கியிருந்தாலும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் முற்றிலும் வேறு பொருள். அது செயற்கைச் சலவைப்பொருள். கட்டியின் மேல் பி.எச். (அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் அளவு) 5.5 என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும், ஏனெனில் எண்ணெயும் காரமும் சேர்ந்த உண்மையான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருப்பது இயல்பு. அதே காரணத்தால், சோதனைத் தாளில் 9 அல்லது 10 காட்டியதை வைத்து ஒரு சோப்பில் காரம் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்வதும் பிழையாகும்.

பட்டியலின் வரிசையைக் கொண்டு செய்முறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புபவர்களும் உண்டு. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை மட்டுமே இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதே நம் நாட்டு விதி. எனவே பட்டியலின் கடைசியில் குங்குமப்பூ முன்னும் நிறமி பின்னும் இருப்பதால் குங்குமப்பூ அதிகம் என்றாகாது. எத்தனை சதவீத எண்ணெய் காரத்தோடு சேராமல் விடப்பட்டது என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. கால்சியம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பெயரைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. கடின நீரில் படிவைக் குறைக்கவும், எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடவுமே அதைச் சிறிதளவு சேர்க்கிறார்கள் என்று அறிந்த பிறகு, நம் ஊர்த் தண்ணீரை நினைத்துச் செய்த சோப்பு அது என்ற மதிப்பு வந்தது. ஈ.டி.டி.ஏ. வேண்டாம் என்பவர்கள் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம்; ஆனால் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 0.62 கிராம் காரத்தைக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும்.

டி.எஃப்.எம்., அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதத்தைக் காட்டும் எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். கிளிசரினையும் ஓரளவு நீரையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கைவினைச் சோப்பில் அது குறைவாக இருந்தால், அதைக் கலப்படம் என்று கொள்ளக் கூடாது.

மணத்தைக் கடையிலேயே முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். உலர்ந்த கட்டியின் மணமும் வெந்நீரில் நனைந்த கட்டியின் மணமும் வேறு. மலிவான விலையில் மல்லிகை மணம் வீசினால் அது செயற்கை வாசனைத் திரவம்தான். உண்மையான மல்லிகைத் தைலத்தின் விலை அதற்கு இடம் தராது. வெனிலா மணமுள்ள சோப்பு பழுப்பாவது அந்த மணத்தைத் தரும் வெனிலின் என்ற பொருள் காரணமாக. அது கெட்டுப்போனதன் அடையாளமன்று. ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் பழைய எண்ணெயின் வாடையும் சேர்ந்து வந்தால் மட்டுமே எண்ணெய் சிக்குப் பிடித்தது என்று கொள்ளுங்கள்.

புதிய சோப்பை முதல் நாளே முகத்தில் தேய்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல் தைலங்கள் சிலருக்கு எரிச்சல் தரும் என்பதால், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பயன்படுத்தி ஒரு நாளாவது பொறுத்துப் பாருங்கள்.

செய்தவரே சோதிப்பவராகவும் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். இப்போதெல்லாம் கடைக் கட்டியையும் என் கட்டியையும் ஒரே அளவில் வெட்டி, ஓரங்களை மழுக்கி, எது எதுவென்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீர் வடியும் இரண்டு பெட்டிகளில் வைத்து, இரண்டு வாரம் இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துவார். முதல் முறை அவர் கடைச் சோப்பையே தேர்ந்தெடுத்தார். என்னுடையது குளித்த பின் தோலை இழுத்துப் பிடிக்கிறது என்றார். தேங்காய் எண்ணெயை 60 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைத்து, மீதியை ஆலிவ் எண்ணெயால் நிரப்பினேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு, ஐந்து சதவீத எண்ணெய் காரத்தோடு சேராமல் மிஞ்சும்படி காரத்தைக் குறைத்துக் கணக்கிட்டதில், 155 கிராமாக இருந்த காரம் 144 கிராமாகக் குறைந்தது. அந்தக் கட்டிகள் இப்போது அலமாரியில் மூன்றாவது வாரமாக உலர்ந்துகொண்டிருக்கின்றன.