மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேரும் பேஸ் கிட்டாரிஸ்ட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் கவர் பேண்ட் என்றால் பெரும்பாலும் மெல்லிசைக் குழுதான். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று போய்ச் சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்கிற வேலை. பாவலர் பிரதர்ஸ், ஏ.வி. ரமணனின் மியூசியானோ போன்ற குழுக்களின் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தொழில் இது. பட்ஜெட் குறைந்தால் இதில் முதலில் வெட்டப்படுகிற ஆள் பெரும்பாலும் பேஸ் கிட்டாரிஸ்ட். கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்துவிடுவார், அல்லது முன்பே பதிவுசெய்து ஓட்டும் டிராக்கிலேயே பேஸ் இருக்கும். ஆக, புதிதாக ஒரு குழு உங்களைக் கூப்பிடுகிறது என்றால், நீங்கள் இல்லாமலே நிகழ்ச்சி நடத்திப் பழகியவர்களோடு வாசிக்கப் போகிறீர்கள். புதிதாக வருபவர்கள் செய்கிற தவறுகளில் பாதி, இதை யோசிக்காததால் வருபவை.

முதல் ரிகர்சலில் சத்தம் கும்மென்று கலங்கிக் கேட்டால், உங்கள் ஆம்ப்பில் கை வைப்பதற்கு முன் கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள். அவர் பழக்கத்தில் கீழ் ஆக்டேவில் பேஸ் வாசித்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் ஒரே இடத்தில் வாசித்தால் இரண்டுமே தெளிவாகக் கேட்காது. பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு வால்யூமைக் கூட்டுகிறார்கள், அவரும் கூட்டுவார், அப்புறம் பாடகருக்குச் சுருதியே பிடிபடாது. "அண்ணே, இனிமே கீழ் நோட்டெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கார்டு மட்டும் மேல பிடிங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். பல குழுக்களில் கீபோர்டுக்காரர்தான் இசையை நடத்துபவரும்கூட.

அடுத்தது பாட்டுத் தயாரிப்பு. வாட்ஸ்அப்பில் நாற்பது பாட்டுப் பட்டியல் வரும். யூடியூபைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒரிஜினல் ஸ்கேலில் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பழைய பாட்டுகள் டேப்பிலிருந்து ஏறியவை, ஓட்ட வேகம் கொஞ்சம் மாறினாலே சுருதி மாறிவிடும். சில பதிவுகளின் சுருதி கீபோர்டின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். இன்னொன்று முக்கியமானது: உங்கள் குழுவின் பாடகர் அந்த ஸ்கேலில் பாடமாட்டார். தொண்டை கட்டியிருந்தால், மேடை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

மூன்று கட்டைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈ ஸ்கேல், உங்கள் தடித்த கம்பியைச் சும்மா தட்டினாலே ஆதார நோட்டு வரும். இரண்டரைக் கட்டைக்கு இறக்கினால் டி ஷார்ப். நான்கு கம்பி பேஸில் அந்த நோட்டு கீழே கிடையாது. ஓப்பன் கம்பியை நம்பிப் பழகிய கைவிரல் அமைப்பு மொத்தமும் போய்விடும். எனவே வீட்டில் பழகும்போதே ஓப்பன் கம்பி இல்லாமல் ஒருமுறை, அரைக் கட்டை இறக்கி ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஃப்ரெட் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, ஆதாரத்திலிருந்து எத்தனையாவது சுரம் என்று நினைவில் வைப்பது நல்லது. ஐந்து கம்பி பேஸ் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். அடி பி கம்பியில் நான்காவது ஃப்ரெட்டிலேயே அந்த டி ஷார்ப் கிடைக்கும். இப்போதைய பாட்டுகளில் சின்த் பேஸ் ஈ கம்பிக்கும் கீழே இறங்குவதால் அங்கேயும் உதவும். அதற்காக உடனே கடன் வாங்கி ஐந்து கம்பி வாங்க வேண்டாம். நான்கிலேயே ஆக்டேவ் மேலே ஏற்றி வாசித்துத் தப்பிக்கலாம், கேட்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள்.

எவ்வளவு வாசிப்பது என்ற கேள்வியில்தான் பெரிய குழப்பம். மேற்கத்திய பேஸ் பாடங்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "குறைவாக வாசி, கிக் ட்ரம்மோடு சேர்ந்து நில்" என்பது வேதவாக்கு. குத்துப் பாட்டுக்கும் கானாவுக்கும் அது சரி. அங்கே ரிதம் பேட், டோலக், தவில் எல்லாம் சேர்ந்து இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிடும், நீங்கள் ரூட் நோட்டை (கார்டின் ஆதார நோட்டை) சரியான இடத்தில் வைத்தாலே போதும். இளையராஜாவின் எண்பதுகளுக்கு வந்தால் கதை வேறு. அந்தப் பாட்டுகளில் பேஸ் என்பது எழுதி வைத்த இன்னொரு மெட்டு. 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை ஹெட்போனில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், புரியும். அதை வெறும் ரூட் நோட்டாக வாசித்தால், பேஸ் என்றால் என்னவென்றே தெரியாத ரசிகர்கூட "என்னமோ குறையுதே" என்பார். அங்கே சுருக்குவதுதான் தவறு. பழைய எம்.எஸ்.வி. பாட்டுகளில் நின்று வாசிக்கும் டபுள் பேஸின் உருண்டையான, சீக்கிரம் அடங்குகிற சத்தம் வேண்டும். பிரிட்ஜ் பக்கம் உள்ளங்கை ஓரத்தை லேசாக வைத்துக் கட்டைவிரலால் வாசித்தால் கிட்டத்தட்ட வரும். பட்டியல் வந்ததும் எந்தப் பாட்டின் பேஸை நோட்டு பிசகாமல் எடுக்க வேண்டும், எதை ரூட்டிலேயே ஓட்டலாம் என்று பிரித்துவிடுங்கள். நாற்பதையும் ஒரே அளவு கவனத்தோடு படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

மேடையில் தலை குனிந்து ஃப்ரெட்டையே பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ரிகர்சலில் இரண்டு சரணம் என்று பேசியிருப்பார்கள். மாப்பிள்ளை பொண்ணு மேடைக்கு வந்துவிட்டால் பாடகர் ஒரு சரணத்தோடு பல்லவிக்குத் திரும்பிவிடுவார். கூட்டம் ஆடுகிறது என்றால் கடைசிப் பல்லவி நாலு முறை சுற்றும். எல்லாம் கைச்சாடையில்தான். இரண்டாவது பிஜிஎம்மை (சரணத்துக்கு முன் வரும் இடையிசையை) வாசிக்கிறார்களா, வெட்டிவிட்டார்களா, முடிவில் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை முதல் ரிகர்சலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவறாகப் போய்விட்டால் நோட்டைத் தேடித் துழாவ வேண்டாம். சும்மா நிறுத்தி, அடுத்த தாளச் சுற்றின் முதல் அடியில் சேர்ந்துகொள்ளுங்கள். முகத்தில் காட்டாதவரை தெரியாது.

பணம், தேதி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். நிகழ்ச்சிக்கு எவ்வளவு, எப்போது கையில் வரும், வெளியூர் என்றால் வண்டி யாருடையது, ரிகர்சலுக்குப் பயணச் செலவு உண்டா என்பதைச் சேரும்போதே பேசிவிடுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும். மார்கழியில் கல்யாண வேலை இருக்காது. தை பிறந்தால் பெரிய முகூர்த்த நாள் ஒன்றுக்கு நாலு குழுக்கள் உங்களையே கூப்பிடும். ஒருவருக்கு ஒப்புக்கொண்டு, ஆயிரம் கூடக் கிடைக்கிறது என்று இன்னொருவரிடம் போனால், செய்தி அன்று மாலையே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடிவிடும். இந்த ஊரில் பேஸ் வாசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தவிர்க்கவே முடியாவிட்டால், பட்டியலையும் ஸ்கேலையும் கொடுத்து உங்களுக்குப் பதிலாக ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய பேஸ் கிட்டாரிஸ்டைப் பற்றிக் கேட்காமலே கருத்துச் சொல்வது, முதல் வாரமே பாட்டுப் பட்டியலை மாற்றச் சொல்வது: இரண்டும் வேண்டாம், விளக்கவும் தேவையில்லை.

கருவி பற்றி ஒரு சின்ன விஷயம். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வாசிக்காவிட்டாலும் ஜாக் சொருகியிருந்தால் அது தீர்ந்துகொண்டே இருக்கும். ரிகர்சல் முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பையில் இன்னொரு பேட்டரி இருக்கட்டும். பெரிய ஆம்ப் சுமக்கத் தேவையில்லை, மைக் செட்காரரிடம் டிஐ பாக்ஸ் (பேஸை நேரே மிக்ஸரில் இணைக்கிற சின்னப் பெட்டி) இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டால் போதும்.

பெரிய விஷயம் எர்த். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் எர்த் சரியாக இல்லாமல் இருப்பது சகஜம். கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், சில சமயம் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு. கோரஸ் பாட வேண்டியிருந்தால் மைக்கில் ஸ்பாஞ்ச் உறை போட்டுத் தள்ளி நின்று பாடுங்கள். சவுண்டு செக்கில் லேசாகச் சுரீர் என்றாலோ, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினாலோ, சரிசெய்யும்வரை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். புது ஆள் முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.